அவளுக்குக் காட்ட வேண்டிய கண்ணாடி

என் கைப்பையில் ஒரு வட்டக் கண்ணாடி இருக்கிறது. உள்ளங்கை அகலம்தான். தகர விளிம்பு, பின்பக்க அட்டையில் ஒரு ரோஜாப் படம். அந்தப் படமும் இப்போது பாதி உரிந்துவிட்டது. திருவிழாக் கடைகளில் வளையல் சரத்துக்குப் பக்கத்தில் தொங்குமே, அந்த ரகம். பேருந்தில் பக்கத்து இருக்கைப் பெண்கள் பொட்டைச் சரிசெய்யக் கண்ணாடி கேட்டால் இல்லை என்று பொய் சொல்லிவிடுகிறேன். நானும் அதில் முகம் பார்த்ததில்லை. ஒருநாள் என் மகள் பையைத் துழாவி அதை எடுத்து, நாக்கை நீட்டி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். வெடுக்கென்று பிடுங்கிவிட்டேன். அவள் அழுதாள். ஒரு கண்ணாடிக்காகக் குழந்தையை அழவைத்தவள் என்ன தாய் என்று அன்று முழுவதும் என்னையே நொந்துகொண்டேன். ஆனாலும் கண்ணாடியை அவள் கைக்கு எட்டாத உள்ஜிப்புக்கு மாற்றினேனே தவிர, வீட்டில் வைத்துவிட்டுப் போக மனம் வரவில்லை. அது வேறொருத்திக்குக் காட்ட வேண்டிய கண்ணாடி.

அது என்னிடம் வரக் காரணமான மனிதரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பழகியவர்களைப் பற்றி நினைவு எழுதுகிறவர்கள் அன்போடு எழுதுகிறார்கள். நானும் முயன்று பார்த்தேன். அவர் யாரையும் திட்டியதில்லை, யாரிடமும் எதையும் திருடியதில்லை, எப்போதும் சிரித்த முகம். இத்தனையும் எழுதி முடித்த பிறகும், அவரை நினைத்தாலே எனக்கு மண்ணெண்ணெய் வாடை வருகிறது. ஏழு வருடமாகப் போகவில்லை. இனியும் போகும் என்று தோன்றவில்லை. ஆகவே, உள்ளதை உள்ளபடி எழுதிவிடுகிறேன்.

அப்போது நான் கைக்குழந்தைக்காரி. திருமணத்துக்கு முன்பே பதிவு செய்த முனைவர் பட்ட ஆய்வு பாதியில் கிடந்தது. ஊர் ஊராகச் செல்லும் கலைக் கண்காட்சிகள் அந்தந்த வட்டாரத்துக் கலைஞர்களை என்ன செய்கின்றன என்பது என் ஆய்வு. ‘என்ன செய்கின்றன’ என்று நான் எழுதியதை என் நெறியாளர் அடித்துவிட்டு, ‘எவ்வாறு வளப்படுத்துகின்றன’ என்று மேலே எழுதிக் கொடுத்தார். விடையை உள்ளே வைத்துத் தைத்த கேள்வி அது என்று அன்றைக்கே எனக்கு உறுத்தியது. பெரியவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும், எனக்குத்தான் பிரசவத்துக்குப் பிறகு மூளை மந்தமாகிவிட்டது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். என் கணவர் சேலத்தில் வங்கி வேலையில் இருந்தார். வாரம் ஒருமுறை சின்னசேலம் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து பஸ் பிடித்துக் கள்ளக்குறிச்சிக்கு வருவார். நானும் மாமியாரும் குழந்தையும் இங்கே. வெளியூர் போய்த் தகவல் சேகரிக்க வழியில்லாமல் தவித்த நேரத்தில், கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போல, அப்படிப்பட்ட ஒரு கண்காட்சியே நீளமான ஒரு பேருந்தில் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது.

என் மாமியாருக்கு இதெல்லாம் விளங்கவும் இல்லை, பிடிக்கவும் இல்லை. “படிச்ச படிப்புக்கு ஒரு வேலைக்கிப் போவாம பொம்ம வண்டி பின்னாடி போய்க்கினு இருக்கியே, இதுக்கு இன்னா பேரு?” என்பார்.

“ஆராய்ச்சிங்க அத்த.”

“ஆராய்ச்சியா? புள்ளைக்கு ரெண்டு நாளா பேதியாவுது. மொதல்ல அத ஆராயி.”

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதோ என்று யோசித்தபடியே, குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு கண்காட்சி நடந்த பள்ளிக்கூடத்துக்குப் போவேன்.

கண்காட்சி அலுவலர் வெளியூர்க்காரர். கஞ்சி போட்ட ஜிப்பா, தோளில் சரிகை மின்னும் துண்டு, வாயில் எப்போதும் வாசனைப் பாக்கு. யாரைப் பார்த்தாலும் ‘கலைஞரே’ என்பார். பள்ளிக்கூட வாட்ச்மேனையும் ஒருமுறை அப்படிக் கூப்பிட்டார். அவரிடம் ஒரே ஒரு சொல்தான் இருந்தது. அற்புதம். எதைக் காட்டினாலும் அற்புதம், எதைச் சொன்னாலும் அற்புதம். எனக்கு முதல் இரண்டு நாள் அது பெரிய மனசாகப் பட்டது. பிறகுதான் கவனித்தேன், காட்டிய பொருள் மீது அவர் கண் படுவதற்கு முன்பே அந்தச் சொல் வந்து விழுந்துவிடும். இன்னொன்றும் கவனித்தேன். பேருந்தில் வந்த பொருட்களைத் தொடுவதற்கு முன்னால் கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொள்வார். எங்கள் ஊர்ப் பொருட்களைத் தொட்ட பிறகு துடைத்துக்கொள்வார். அந்தக் கைக்குட்டையில் அத்தர் மணக்கும்.

பேருந்தில் வந்தவை கோயில் சிற்பங்களின் பிளாஸ்டர் அச்சுகளும், பெரிய ஓவியங்களின் அச்சுப் படங்களும். பள்ளியின் பெரிய கூடத்தில் அவற்றை வெல்வெட் விரித்து வைத்தார்கள். போகிற ஊரிலெல்லாம் ‘வட்டாரக் கலை மூலை’ என்று ஒன்று வைப்பது வழக்கமாம். எங்கள் ஊருக்கான மூலை, தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில், கால் ஆடுகிற ஒரு மேசை. அதில் வைக்க எங்கள் தெருக்கோடியில் பட்டறை வைத்திருந்த ஆசாரியிடம் கேட்டார்கள். கேட்டுச் சொல்லும் வேலை எனக்கு.

ஆசாரி அடக்கமான ஆள் என்று யாரும் சொல்ல முடியாது. கதவு நிலை, கட்டில், தேர்ப்பொம்மை, சாமி வாகனம் என்று எது செய்தாலும் பாராட்டை முதலில் அவரே தொடங்கிவைப்பார். “என் கையி பட்டா கட்டில் காலு கூட எயுந்து கும்புடு போடும்மா” என்பார். மந்திரி ஒருவரோடு எடுத்துக்கொண்ட போட்டோவில் மந்திரியின் பாதி முகம்தான் விழுந்திருக்கும். அந்தப் பக்கத்தை ஒரு மரச்சட்டம் அடித்து மறைத்து, தன் முகம் முழுசாகத் தெரிகிற மாதிரி மாட்டியிருந்தார். கண்காட்சியில் தன் பெயர் அச்சடித்த அட்டை வைப்பார்கள் என்றதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. “பெரிய பெரிய செலைங்க பக்கத்துலயா? அப்ப சின்ன சாமான் குடுத்தா நல்லாருக்காது” என்று சொல்லிப் பட்டறையின் உள்ளறைக்குக் கூட்டிப்போனார்.

அங்கே வேங்கை மரத்தில் ஒரு அம்மன் நின்றாள். என் மார்பளவு உயரம். மூக்கு, உதடு, கழுத்து மடிப்பு, விரல் நகம் வரை முடிந்திருந்தது. கண் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் வழவழப்பான இரண்டு மேடுகள். கரியாலூருக்கு அப்பால் மலையில் ஒரு சிற்றூர் அவளைச் செய்யச் சொல்லியிருந்தது. அந்த ஊரின் பழைய மர அம்மனைக் கரையான் தின்றுவிட்டது. அதிலிருந்து அங்கே திருவிழா இல்லை. திருவிழா இல்லாததால் கல்யாணமும் இல்லை. ஆத்தா உட்காராத ஊரில் தாலி ஏறாது என்பது அவர்கள் கட்டுப்பாடு. காற்றில் சாய்ந்த தங்கள் ஊர் வேங்கையையே வெட்டி, மாட்டுவண்டி வந்து நிற்கிற இடம் வரை தோளில் சுமந்து கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டு. அதற்கு அடுத்த முகூர்த்தத்தில் அந்த ஊர்ப் பூசாரியின் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் அதற்குமேல் காத்திருக்க மாட்டோம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அலுவலர் பட்டறைக்கே வந்து பார்த்தார். ஏன் கண் இல்லை என்று கேட்டார். ஆசாரி குரலைச் செருமிக்கொண்டு, மேடைப் பேச்சாளர் போல விளக்கினார். கண்ணை உளியாலும் மையாலும் திறப்பது கடைசி வேலை. சிலையைச் செய்யச் சொன்னவர்கள் வந்து சுற்றி நிற்க, திரை கட்டி, நல்ல நேரம் பார்த்துத் திறக்க வேண்டும். திறந்ததும் அவள் முதலில் பார்க்கிற பார்வை சும்மா பார்வை இல்லை. அதைத் தாங்க மனிதனால் ஆகாது. அதனால் முதலில் கண்ணாடியைக் காட்டுவார்கள், அவள் தன்னையே பார்த்துக்கொள்வாள். பிறகு கன்றோடு பசு, பிறகு தானியம், அதற்குப் பிறகே ஊர் ஜனம். யாரை முதலில் பார்க்கிறாளோ அவர்களுக்கே அவள் ஆத்தா. “அது வரைக்கும் இது மரம்தாங்க. தைரியமா எடுத்துப் போயி வெச்சிக்கிங்க. ஞாயித்துக்கெழம அவுங்க வர்றதுக்குள்ள என் கைக்கு வந்துடணும். கண்ணுல மட்டும் ஒரு தூசு கூட படக்கூடாது.”

“அற்புதம்” என்றார் அலுவலர். ஆசாரி சொன்னது அவருக்கு விளங்கியதா என்று எனக்குச் சந்தேகம். நான் மறுபடி, என்னால் முடிந்த அளவு தெளிவாக, அதையே சொன்னேன். “அற்புதம், அற்புதம்” என்றார். இரண்டு தடவை சொன்னதால் விளங்கிவிட்டது என்று நம்பினேன்.

அந்த வாரம்தான் போராட்டம் சூடு பிடித்தது. இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கம் முழுக்கச் சாலை மறியல். புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள், சிறுபாலங்களை ஒட்டிப் பள்ளம் வெட்டியிருந்தார்கள். பஸ் இல்லை, பால் வண்டி இல்லை. என் கணவர் சேலத்தில் மாட்டிக்கொண்டார். எங்கள் தெரு ஆண்கள் பாதிப் பேர் மறியலில் இருந்தார்கள், மீதிப் பேர் போலீசுக்குப் பயந்து கரும்புக் காட்டில் படுத்திருந்தார்கள். எனக்கோ பால் பவுடர் டப்பா காலியாகிக்கொண்டிருக்கிறதே என்ற கவலை. போராட்டம் சரியா தவறா என்று யோசிக்கக்கூட எனக்கு அப்போது நேரமில்லை. கண்காட்சிப் பேருந்தும் நகர முடியாமல் பள்ளி மைதானத்தில் நின்றது. அலுவலர் மட்டும் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, “கலை தெரிந்தவர்கள் மரத்தை வெட்டுவார்களா?” என்று வருகிறவர்களிடமெல்லாம் வருத்தப்பட்டார். உத்தியோகத்திலும் படிப்பிலும் தங்களுக்கு இடம் எங்கே என்று கேட்டு வெயிலில் நின்றவர்களைப் பற்றி, தண்ணீர்ப் பானை ஓரம் ஆடுகிற மேசையை எங்களுக்கு இடமாகக் கொடுத்தவர் பேசுகிறாரே என்று நினைத்தேன். சொல்லவில்லை. நினைத்ததே அதிகப்பிரசங்கித்தனமோ என்றும் நினைத்தேன்.

சனிக்கிழமை நிறைவு விழா. கடலூரிலிருந்து வர வேண்டிய சிறப்பு விருந்தினர் வழியில்லாமல் வரவில்லை. விருந்தினர் இல்லாவிட்டால் நிகழ்ச்சி இல்லை, நிகழ்ச்சி இல்லாவிட்டால் போட்டோ இல்லை, போட்டோ இல்லாவிட்டால் மேலிடத்துக்கு அனுப்ப எதுவும் இல்லை. காலையிலிருந்தே அலுவலர் நிலைகொள்ளாமல் நடந்துகொண்டிருந்தார். சாயங்காலம், பஸ் கிடைக்காமல் ஊரில் தங்கிவிட்டவர்கள், ஆசிரியர்கள், பள்ளிக்கூடத்தைச் சுற்றி இருந்தவர்கள் என்று ஒரு கூட்டம் கூடியது. குழந்தை பசியில் அலறியதால் பக்கத்து வகுப்பறையில் உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒலிபெருக்கியில் அவர் குரல் கேட்டது. “மரத்திலே உறங்கிக்கொண்டிருக்கும் அன்னையை இப்போது எழுப்பப் போகிறோம்! இந்த மண்ணின் மரபுப்படி கண் திறப்பு!”

முதலில் எனக்கு விளங்கவில்லை. விளங்கியபோது குழந்தையை மார்பிலிருந்து பிரித்து, முந்தானையைக்கூடச் சரியாகப் போடாமல் ஓடினேன். கூட்டத்தை விலக்கி முன்னால் போவதற்குள் கைதட்டல் கேட்டுவிட்டது. வெல்வெட் விரித்த மேசை மேல் அம்மன். அவள் எதிரே அலுவலர், கையில் பெட்டிகளுக்கு எண் எழுதுகிற தூரிகை. வெள்ளை எனாமலில் இரண்டு முட்டை வடிவம், நடுவில் கருப்பு எனாமலில் இரண்டு வட்டம். வலது கண் விழி கொஞ்சம் ஒதுங்கி, கன்னத்தில் ஒரு சொட்டு வழிந்திருந்தது. திரை இல்லை, கண்ணாடி இல்லை, பசு இல்லை. அவள் கண் திறந்த அதே கணம் புகைப்படக்காரரின் பிளாஷ் அவள் முகத்தில் அடித்தது. அதற்குப் பின்னால் பாக்குக் கறை படிந்த பற்களோடு அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும், “வாங்கம்மா! உங்க ஆய்வுக்கு இதைவிட என்ன வேணும்?” என்று சொல்லி, என் இடுப்பிலிருந்த குழந்தையின் கன்னத்தை ஆசையாகக் கிள்ளினார். கட்டை விரல் எனாமல் என் மகளின் கன்னத்தில் கருப்பாக ஒட்டிக்கொண்டது. அதைப் பார்த்தும், “திருஷ்டிப் பொட்டு, அற்புதம்” என்றார். பிறகு கைக்குட்டையை எடுத்துத் தன் விரலைத் துடைத்துக்கொண்டார்.

டீக்கடையில் யாரோ சொல்லி ஆசாரி ஓடி வந்தார். செருப்புக்கூடப் போடவில்லை. அம்மனைப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “யாரக் கேட்டுய்யா இத செஞ்சே?” என்றார்.

“நீங்க சொன்னதுதானே கலைஞரே. உங்க மரபைத்தான் மேடை ஏத்தியிருக்கோம். உங்க பேரையும் மைக்கில் சொன்னேன்.”

“எங்கூட்டு பொண்ணுக்கு நீ தாலி கட்டிப்புட்டு, மைக்குல எம் பேர சொன்னேன்றியா?”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அலுவலர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறாதது. அவர் பரிவோடு குனிந்து ஆசாரியின் தோளைத் தட்டி, “எனாமல்தானே, மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சா போயிடும்” என்றார்.

ஆசாரி அவரை நிமிர்ந்து பார்த்தார். “மை போவும். பாத்தது போவுமா?”

அன்று வீட்டில் மாமியார் பழந்துணியை மண்ணெண்ணெயில் நனைத்துக் குழந்தையின் கன்னத்தைத் தேய்த்தார். அவள் வீறிட்டு அழுதாள். கன்னம் சிவந்து தடித்தது. தோல் வெந்துவிடுமோ, மூக்கில் ஏறி ஏதாவது ஆகுமோ என்று எனக்குப் பயம். டாக்டரிடம் போகலாம் என்றால் டாக்டரும் ஊரில் இல்லை. தேங்காய் எண்ணெய் தடவினேன், பாலாடை தடவினேன். பால் குடிக்க முகத்தை என் மார்பில் வைத்தபோதெல்லாம் மண்ணெண்ணெய் வாடை அடித்தது. “அந்த பொம்ம வண்டிக்காரன் கையி வெளங்காது” என்று மாமியார் சாபமிட்டார். முதல் தடவையாக அவரோடு நான் முழு மனதாக ஒத்துப்போனேன்.

மறுநாள் மலைக்காரர்கள் வந்தார்கள். கச்சிராயபாளையத்திலிருந்து பஸ் ஓடாததால் மலையிறங்கிய களைப்போடு அணைக்கட்டைத் தாண்டி, கிடந்த மரங்களை ஏறிக் கடந்து நடந்தே வந்திருந்தார்கள். பூசாரி, அம்மனைத் தூக்கிப்போக நாலு ஆண்கள், பூசாரியின் மனைவி. நான் அவரைப் பூசாரியக்கா என்று கூப்பிட்டேன். மடியில் துணி சுற்றி ஒரு பொருள் வைத்திருந்தார். ஆசாரி வாய் திறக்காமல் அவர்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டி வந்தார். தூக்கிப்போகும் மூங்கில்களை வெளிச்சுவரில் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே நுழைந்தவர்கள், கூடத்தின் நடுவில் அவளைக் கண்டதும் நின்றார்கள். பூசாரி கையெடுத்துக் கும்பிடப் போய், கை பாதியிலேயே நின்றது.

பூசாரியக்கா அழவில்லை. ஆசாரியைப் பார்க்கவும் இல்லை. யாரையும் பார்க்காமல், “மொதல்ல எத பாத்தா?” என்று கேட்டார்.

நான்தான் சொன்னேன். “போட்டோ புடிக்கிற வெளிச்சத்தங்க அக்கா.”

“அப்பால?”

“அவர.”

பூசாரியக்கா அலுவலரை உச்சந்தலையிலிருந்து பாதம் வரை பார்த்தார். தோளில் கிடந்த சரிகைத் துண்டில் கொஞ்ச நேரம் கண் நின்றது. “இவரயா?” என்றார். மூக்கால் ஒரு சிரிப்பு. “அப்ப இவரு வூட்டுக்கே கூட்டிக்கினு போவட்டும். தெனமும் படையல் போடணும்னு சொல்லுங்க. ஆட்டுக் கறி இல்லன்னா கோச்சிக்குவா.”

அலுவலர் முகம் மலர்ந்தது. “என்ன நம்பிக்கை பாருங்க! அற்புதம்!” என்று சொல்லிவிட்டு, புகைப்படக்காரரைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். அவர் கேமராவைத் தூக்கினார். பூசாரியக்கா உள்ளங்கையால் முகத்தை மூடிக்கொண்டார். கேமரா அப்படியும் வெளிச்சம் அடித்தது. என் கன்னத்தில் யாரோ துப்பியது போல இருந்தது.

சிலையைக் கண்காட்சி நடத்தும் நிறுவனமே உரிய விலை கொடுத்து வாங்கிக்கொள்ளும், கண்காட்சியோடு எல்லா ஊருக்கும் போகும், எத்தனை பேர் பார்ப்பார்கள் தெரியுமா என்று அவர் பேசிக்கொண்டே போனார். வேறொருவரை முதலில் பார்த்தவளை மலைக்காரர்கள் ஊருக்குக் கொண்டுபோக முடியாது. கண் திறந்தவளைப் பட்டறையில் வைத்துக்கொள்ள ஆசாரியாலும் முடியாது. ஆக, அவள் அவருக்கே போய்ச் சேர்ந்தாள். இதை எண்ணித்தான் முதலிலேயே செய்தாரோ என்று எனக்குச் சில நாள் தோன்றும். அவ்வளவு யோசிக்கிற மனிதர் இல்லை என்று சில நாள் தோன்றும். எது கேவலம் என்று இன்னும் எனக்கு முடிவாகவில்லை.

வெளியே வேப்பமரத்தடியில் அவர்கள் உட்கார்ந்தார்கள். பூசாரி தலையில் கைவைத்து, “மாப்ள வூட்டுக்கு இன்னான்னு சொல்லி அனுப்புறது?” என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். செவ்வாய்க்கு இடையில் ஒரே நாள். ஆசாரி கொஞ்ச நேரம் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றார். பிறகு பட்டறைக்குப் போனவர், அதே வேங்கையில் மிஞ்சிய ஒரு துண்டைத் தோளிலும் உளிப் பையை இடுப்பிலுமாக வந்தார். “ஏன் குந்திக்கினு கீறீங்க? எயுந்திரிங்க. போற வழியிலயே வேலய ஆரம்பிச்சிடறேன். எனக்கு நடக்கத் தெம்பு இல்லன்னா அந்த மூங்கில்ல என்ன தூக்குங்க, நானும் சாமி மாரிதான்” என்றார். அந்த நேரத்திலும் அவருக்குத் தன்னை விட்டுக்கொடுக்க முடியவில்லை. பூசாரியக்கா சிரித்துவிட்டார். பிறகு சிரித்ததற்காக முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

கிளம்பும்போது அவர் என்னிடம் வந்தார். குழந்தையின் தடித்த கன்னத்தைத் தொடாமல் பார்த்தார். மடியிலிருந்த துணியைப் பிரித்து இந்தக் கண்ணாடியை எடுத்து என் கையில் வைத்தார். “இது அவளுக்குன்னு வாங்குனது. வேறவளுக்குக் காட்டக் கூடாது. நீ படிச்சவ, நாலு எடம் போறவ. எங்கனா அவள பாத்தீன்னா காட்டிடு. எங்க மரம்தான அவளும். அந்த ஆளு மூஞ்சியவே கண்ணுக்குள்ள வெச்சிக்கினு எத்தினி ஊரு சுத்துவா, பாவம்.”

நான் தலையாட்டினேன்.

மலையில் நடந்ததை ஆசாரி திரும்பி வந்து சொன்னார். முழங்கை உயரத்தில் ஒரு அம்மன். முகமும் கையும் மட்டும்தான் செதுக்க நேரம் இருந்தது, மற்றதற்குச் சேலை கட்டிவிட்டார்கள். காப்புக் கட்டினார்கள். கல்யாணமும் நடந்தது. கண்ணாடிக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். “பித்தள அண்டாவுல தண்ணி ரொப்பி காட்டுனோம். அண்டாவுல பாத்தவ இன்னும் அயகா பாத்தா” என்றார். சின்னதாக இருந்தாலும் அதுதான் தன் வேலையிலேயே சிறந்தது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஆனால் அதற்குப் பிறகு கண்காட்சி என்று யார் வந்தாலும் பட்டறைக் கதவைச் சாத்திவிடுவார். மந்திரி போட்டோவையும் கழற்றிவிட்டார்.

நான் இதையெல்லாம் என் ஆய்வேட்டில் ஒரு முழு இயலாக எழுதினேன். நெறியாளர் படித்துவிட்டு, இது ஆய்வு இல்லை, புகார் என்றார். கண்காட்சியின் ஆண்டறிக்கையைக் காட்டினார். முற்றுப்பெறாமல் கிடந்த ஒரு வட்டாரப் படைப்பு கண்காட்சிக் குழுவின் வழிகாட்டுதலில் நிறைவு செய்யப்பட்டது என்று அதில் இருந்தது. பக்கத்தில் போட்டோ. அதன் ஓரத்தில் ஒரு பெண்ணின் முழங்கையும் ஒரு குழந்தையின் காலும் தெரிந்தன. இதை மேற்கோள் காட்டி இரண்டு வரியில் முடித்துவிடுங்கள், நீங்களும் குழந்தைக்காரி, சீக்கிரம் பட்டத்தை வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருங்கள் என்றார். நான் இயலை எடுக்கவில்லை. பட்டம் தள்ளிக்கொண்டே போனது. சரியாகத்தான் செய்கிறேனா, வீம்புக்காக வீட்டைக் கஷ்டப்படுத்துகிறேனா என்று தூங்காத நாட்கள் உண்டு. கடைசியில் வேறொரு நெறியாளரிடம் மாறி, தலைப்பை ‘என்ன செய்கின்றன’ என்றே வைத்துச் சமர்ப்பித்தேன். வாய்மொழித் தேர்வில் ஒருவர் கேட்டார். “அந்தச் சிலை இப்போது எங்கே இருக்கிறது?” தெரியாது என்றேன்.

போன மாதம் தெரிந்தது. மகளுக்குப் பள்ளி விடுமுறை. சென்னையில் என் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தோம். ஒரு கலைக் கூடத்தில் பழைய பயணக் கண்காட்சிகளின் பொருட்களை நிரந்தரமாக வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அவளையும் கூட்டிப்போனேன். குளிரூட்டிய அறை. கடைசி வரிசையில் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்த அம்மன் நின்றாள். கழுத்து மடிப்பை வைத்து அடையாளம் கண்டுகொண்டேன். ஏனென்றால் முகத்தில் கண் இல்லை. எனாமலைச் சுத்தமாக எடுத்துவிட்டிருந்தார்கள். மறுபடி அந்த வழவழப்பான இரண்டு மேடுகள், சுற்றி இருந்த மரத்தைவிடக் கொஞ்சம் வெளுத்து. வலது கன்னத்தில், சொட்டு வழிந்த இடத்தில் மட்டும் ஒரு நிழல். கீழே அட்டையில், பிற்காலத்தில் பூசப்பட்ட பெயின்ட் நீக்கப்பட்டது என்றும், முற்றுப்பெறாத மரச்சிற்பம் என்றும் எழுதியிருந்தது. ஊர்ப் பெயர் இருந்தது. ஆசாரியின் பெயர் இல்லை. எனக்கு முன்னால் நின்ற ஒரு தம்பதியில் கணவர் அட்டையைப் படித்துவிட்டு, “அற்புதம்ல?” என்றார். எனக்கு மண்ணெண்ணெய் வாடை வந்தது. அந்த அறையில் மண்ணெண்ணெய் இருக்க வாய்ப்பே இல்லை.

அவர்கள் நகர்ந்த பிறகு உள்ஜிப்பைத் திறந்து கண்ணாடியை எடுத்தேன். கண்ணை எடுத்துவிட்டார்களே, இனி எதற்கு என்று ஒரு மனம். மை போகும், பார்த்தது போகுமா என்ற ஆசாரியின் குரல் இன்னொரு பக்கம். கண் இல்லாதவளுக்குக் கண்ணாடி காட்டுவது அவளைக் கேலி செய்வதாகாதா? காட்டாமல் போனால் கொடுத்த வாக்கு? மகள் என் சேலையைப் பிடித்து இழுத்து, “என்னம்மா பண்ற?” என்றாள். அவள் கன்னத்தைப் பார்த்தேன். எப்போதோ ஆறிவிட்டது, தழும்பு எதுவும் இல்லை. பிறகு கையை உயர்த்தி, பெட்டிக்கு வெளியே, அம்மனின் முகத்துக்கு நேராகக் கண்ணாடியைப் பிடித்தேன்.

பின்னாலிருந்து காவலாளி அதட்டினார். “மேடம், மேக்கப்லாம் வெளிய போய்ப் போட்டுக்கங்க. இங்க கூடாது.”

நான் உடனே கையை இறக்கவில்லை. அவர் பக்கத்தில் வந்து நிற்கும் வரை பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு அதைப் பழையபடி உள்ஜிப்பில் வைத்தேன். அவள் பார்த்தாளா என்று எனக்குத் தெரியாது. அதனால் இன்றும் அந்தக் கண்ணாடி என் பையில்தான் இருக்கிறது, இன்றும் நான் அதில் முகம் பார்ப்பதில்லை.